கழற்றி மாட்டும் கிளிப்

ஏழாம் வகுப்புக்குப் போன பிறகுதான் மோகனப்ரியா கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள். மேல்வரிசையின் முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றன. வகுப்புப் பையன்கள் 'தேங்காத் துருவி' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள் பையைக் கட்டில்மேல் எறிந்துவிட்டு, "எனக்குப் பல்லுக்குக் கிளிப் போட்டு விடுங்க. இல்லைன்னா ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா பவளத்துக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு நிம்மதிதான் வந்தது. பல்லைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்றால், பிள்ளை மற்றதை மறந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

மற்றது என்பது வலிப்பு. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தது. அப்போதுதான் அவர்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்திருந்தார்கள். அப்பா அண்ணாதுரைக்கு சிப்காட்டில், பைக்குக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஓசூரில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனாலும் அண்ணாதுரை மகளைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போய்த்தான் காட்டினார். மாதாமாதம் மாத்திரை வாங்க பவளம் அங்கேதான் பஸ் ஏறுவாள். எங்கே போகிறாய் என்று பக்கத்து வீட்டு நஞ்சம்மா கேட்டால், சொந்தக்காரர் வீட்டுக்கு என்பாள்.

அண்ணாதுரை கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய அத்தை மகள் ஒருத்தி, கல்யாணமான மூன்றாம் மாதமே வலிப்புக்காரி என்று பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிடப்பட்டவள். கடைசியில் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதிலிருந்து அந்த வார்த்தையையே வாயில் எடுக்கமாட்டார். "பொம்பளப் புள்ள. ஒருத்தன் காதுல விழுந்தாலும் அவ ஆயுசுக்கும் கூடவே வரும்" என்பார். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் தன் கையாலேயே கொடுப்பார்.

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது பல் ஆஸ்பத்திரி. டாக்டர் காவேரி தளிப் பக்கத்துப் பெண். தமிழில் கொஞ்சம் கன்னட வாடை அடிக்கும். மேசைமேல் மூன்று செட் பல் அச்சுகளை எடுத்து வைத்து மோகனப்ரியாவிடமே பேசினாள்.

"இது சாதாக் கம்பி, பல்லு மேலயே ஒட்டிடுவோம். இதுவும் ஒட்டறதுதான், ஆனா பல்லு நிறத்துலயே இருக்கறதால தூரத்துல தெரியாது. இது பிளேட். நீயே கழட்டி நீயே மாட்டிக்கலாம். எது வேணும்?"

மோகனப்ரியா சாதாக் கம்பியைத்தான் தொட்டாள். அவள் வகுப்பில் ஒரு பெண் ஊதா ரப்பர் கோத்து அதைப் போட்டிருந்தாள்.

நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டுப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. ஈறுகள் தடித்து, பாதிப் பல்லை மூடிக்கொண்டு வளர்ந்திருந்தன.

"இத்தனை ஈறு எப்படீங்க வளந்துச்சு? பாப்பா ஏதாவது மாத்திரை சாப்பிடுதுங்களா? வலிப்பு மாத்திரை மாதிரி?"

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் எல்லப்பன் மகள். எல்லப்பனும் அண்ணாதுரையும் ஒரே மிஷின் வரிசையில் நிற்பவர்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார் அண்ணாதுரை. "சரியாப் பல்லு வெளக்கமாட்டா. அதான்."

டாக்டர் பவளத்தின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா?"

பவளம் மகளின் பாதங்களைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க" என்றாள். வாயைத் திறந்தபடி படுத்திருந்த மோகனப்ரியாவின் கண்கள் அம்மாவின் மேல் வந்து நின்றன.

"எதுக்குக் கேக்கறேன்னா, அப்படி இருந்தாத் தப்பே இல்லை. அந்த டாக்டருக்கு நானே எழுதி மாத்திரையை மாத்தச் சொல்லலாம். ஈறு அடங்கினதும் ஒட்டற கம்பியே போட்டுடலாம். கழட்டி மாட்டறது மட்டும் வலிப்பு இருக்கறவங்களுக்கு ஆகாது. கடிச்சு உடைச்சாத் தொண்டைக்குள்ள போயிடும்." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டாக்டர் பெருமூச்சு விட்டாள். "இல்லைங்கறீங்க. சரி. இந்த ஈறுல கம்பி ஒட்டினா சுத்தம் பண்ணவே முடியாது. இப்போதைக்கு பிளேட் போடறேன்."

மாடிப்படி இறங்கும்போதே பவளம் கேட்டாள். "என்னங்க, தொண்டைக்குள்ள போயிடும்னு அந்தம்மா சொல்லுதே..."

"வலிப்பு வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. மாத்திரை ஒழுங்காப் போயிட்டிருக்கு. இனிமே எங்க வரப்போகுது? வெளிய உக்காந்திருந்தது யாருன்னு பாத்தேல்ல? காலைல ஷிப்ட்டுக்குப் போறதுக்குள்ள அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்."

பவளத்துக்கும் அது வராது என்று நம்பத்தான் ஆசையாக இருந்தது.

பிளேட் ரோஸ் நிறத்தில், முன்னால் ஒரு மெல்லிய கம்பியோடு இருந்தது. முதல் வாரம் மோகனப்ரியாவுக்குப் பேச்சு குழறியது. பிறகு பழகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று, பல் உள்ளே போயிருக்கிறதா என்று தினமும் பார்ப்பாள்.

மழைக்காலத்தில், பள்ளியில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்றிருந்தபோது வந்தது. ஆள் வந்து சொல்லி பவளம் ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, பிள்ளையை அலுவலக பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். யாரோ கையில் திணித்த சாவிக்கொத்தைப் பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தாள். உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது. டீச்சர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே பிளேட். கம்பி அப்படியே இருந்தது. பின்பக்கத்து ஓரம் மட்டும் உடைந்து காணவில்லை.

"அந்தத் துண்டு எங்கங்க?"

"கிரவுண்டுல விழுந்திருக்கும்மா. அத்தனை கூட்டத்துல எங்க தேடறது?" என்ற டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கு இப்படி வரும்னு எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையே."

சாயங்காலம் பவளம் பொட்டலத்தை அண்ணாதுரையிடம் காட்டினாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "வெயில்ல நின்னதுல மயங்கி விழுந்துட்டான்னு ஸ்கூல்ல சொல்லிட்டு வந்திருக்கேன். நீயும் அதையே சொல்லு" என்றார். அன்று காலையிலிருந்தே வெயில் இல்லை. தூறிக்கொண்டிருந்தது.

பிறகு இருமல் பிடித்தது. முதலில் மழைச்சளி என்று மருந்து கொடுத்தார்கள். நின்ற மாதிரி இருந்து காய்ச்சலோடு திரும்ப வந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலின் அடியில் சளி கட்டியிருக்கிறது என்றார். அடுத்த படத்திலும் அது அப்படியே இருக்க, காசநோயாக இருக்கலாம் என்று அதற்கு மாத்திரை ஆரம்பித்தார். பிள்ளை காய்ந்த கீரைத்தண்டு மாதிரி ஆகிவிட்டாள். மூச்சில் ஒரு வாடை வந்தது. ஒரே தலையணையில் படுக்கும் பவளத்துக்கு அது முதலிலேயே தெரிந்தது.

"என்னங்க, அந்தத் துண்டு உள்ள போயிருக்குமோ?"

"போயிருந்தாப் படத்துல தெரியாதா? இத்தனை டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?"

படத்தில் தெரியவில்லைதான். அவள் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. அப்படியே தை பிறந்து மாசியும் வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் மோகனப்ரியா இருமிவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தாள். முழுக்க ரத்தம். பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே நரைத்த தலை டாக்டர் ஒருவர் பழைய படங்களை வரிசையாக விளக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தமிழிலேயே கேட்டார்.

"இருமல் வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்தது? கீழ விழுந்தாளா? எதையாவது முழுங்கினாளா?"

"ஒண்ணும் இல்லீங்க சார், மழைல நனைஞ்சா..." என்று ஆரம்பித்தார் அண்ணாதுரை.

"வலிப்பு வந்துச்சுங்க" என்றாள் பவளம்.

அண்ணாதுரை அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் உதறினாள். குரல் தானாக உயர்ந்தது. "சின்ன வயசுலருந்து வலிப்பு இருக்குங்க. மாத்திரை சாப்பிடுறா. பல்லுக்கு கிளிப் போட்டிருந்தோம். அதைக் கடிச்சு உடைச்சுட்டா. ஒரு துண்டு காணலைங்க. போடும்போதே பல்லு டாக்டர் கேட்டாங்க. நாங்கதான் இல்லைன்னு சொன்னோம்." பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். இத்தனை மாதமும் அதை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

டாக்டர் உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இது வெறும் பிளாஸ்டிக். எக்ஸ்ரேல விழாதும்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பவளத்துக்கு இருந்தது.

மறுநாள் மூக்கு வழியாக நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துண்டு அங்கேதான் இருந்தது. எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குக் கீழே நுரையீரல் அழுகிப்போயிருந்தது. கையோடு ஆபரேஷன் செய்து வலது பக்கத்தின் கீழ்ப்பாகத்தை அகற்ற வேண்டியதாயிற்று. அண்ணாதுரை அன்று முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். பவளம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "நான் அவ நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

மோகனப்ரியா பிழைத்துவிட்டாள். விலாவில் முதுகுவரைக்கும் ஒரு தழும்பு. குழாயடியிலிருந்து வீட்டுக்கு நடந்தாலே நின்று மூச்சு வாங்குவாள். பள்ளியில், உடம்பு தேறிய பிறகு பார்க்கலாம் என்று சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை. வலிப்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில் ஈறு மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது. இனிமேல் கம்பி ஒட்டலாமே என்று பவளம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சரிந்தாள். புது மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை போலும். பவளம் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். நஞ்சம்மா "அய்யோ, ஏனாயித்து! என்னாச்சு!" என்று ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. அண்ணாதுரை உள்ளேயிருந்து போர்வையோடு வந்து, பிள்ளையை மூடி வீட்டுக்குள் இழுக்கப் போனார்.

"விடுங்க. காத்து வேணும் அவளுக்கு" என்றாள் பவளம். பிறகு நஞ்சம்மாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "வலிப்புங்க. ரொம்ப நாளா இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தானா அடங்கிரும்."

அண்ணாதுரை போர்வையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கண் விழித்த மோகனப்ரியா, சுற்றி நின்ற கால்களைப் பார்த்தாள். அம்மாவின் சேலையை இழுத்து மெல்லக் கேட்டாள்.

"எல்லாரும் பாத்துட்டாங்களாம்மா?"

"பாத்தாப் பாக்கட்டும் கண்ணு."

மகள் அப்பா கையிலிருந்த போர்வையை எட்டி வாங்கி, தலையோடு சேர்த்து மூடிக்கொண்டாள். உள்ளே அவள் மூச்சு இரைப்பது வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. பவளம் போர்வையை விலக்கப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவள் விடவில்லை.