கணக்கில்லாத கம்ப்யூட்டர்

அண்ணனுக்குக் குடும்பத்தில் ‘டெக்னிக்கல்’ என்று பெயர். டிவி ரிமோட்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றியதில் கிடைத்த பட்டம். அதற்குப் பிறகு அவரைக் கேட்காமல் யாரும் ஒரு பிளக்கைக்கூடச் சொருகியதில்லை.

தங்கையின் பழைய கம்ப்யூட்டரை அவர் தன் இமெயில் கணக்கில்தான் ஓட்டி வைத்திருந்தார். அவள் தட்டுவதெல்லாம் அவர் போனிலும் போய் உட்காரும். அவள் எழுதிய கதையின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரு விருந்தில் அவர் பெருமையாகப் படித்துக் காட்ட, அதில் வரும் மாமியார் யாரென்று அவளுடைய மாமியாருக்கு உடனே புரிந்துவிட்டது. நான்காம் அத்தியாயம் அதோடு நின்றுபோனது.

இப்போது மேசைமேல் புதுக் கம்ப்யூட்டர். கணக்கைக் கொடு, இல்லையேல் நகரமாட்டேன் என்று நின்றது.

“இதுக்கு யார் கணக்கும் வேண்டாம்ண்ணா.”

“அதெப்படிம்மா? என் கணக்கைப் போட்டுடலாம்.”

“நான் எழுதறதை நான் மட்டும் பார்க்கணும்.”

“உனக்கு அடிப்படையே புரியலை. இன்டர்நெட்டும் கணக்கும் இல்லாம இது வெறும் டப்பா. இப்ப பாரு.”

பாடம் நடத்தும் தோரணையில் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினார். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு கீழ் மூலையில், வெட்கப்பட்டது போலப் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது: ‘இணையம் இல்லாமல் தொடர்க.’

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இதைத்தான் சொல்ல வந்தேன்.”

“தெரியும்ண்ணா.”

பயன்படுத்தப்போவது யார் என்று திரை கேட்டது. பழக்கதோஷத்தில் அவர் கை நீள, அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ‘நான்’ என்று தட்டினாள். அடுத்து பாஸ்வேர்டு. அவள் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் இல்லை.”

“எவ்ளோ நீளமா வைக்கிற நீ?”

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டுவதற்கு அவருக்கு வழக்கத்தைவிட நேரமானது.

“அந்த மருமக, வீட்டை விட்டுப் போறாளா, இல்லையா?”

“எந்த மருமக?”

“மூணாவது அத்தியாயத்துல பெட்டியைக் கட்டி வெச்சுட்டு நிக்கிறாளே. அதுக்கப்புறம் போன்ல ஒண்ணும் வரலை. தினமும் பார்க்கறேன்.”



“முடிச்சதும் உங்களுக்குத்தான் முதல்ல தருவேன். விருந்துல படிக்கக்கூடாது.”

“சேச்சே,” என்றபடி படியிறங்கினார் டெக்னிக்கல். பிடுங்கிய கேபிள் அவர் கையிலேயே ஆடிக்கொண்டு போனது.

அவள் கூப்பிடவில்லை.