எங்கட ஆள்தானே

டொக்டர் பேரின்பநாதனைத் தெரியாத தமிழர் மொன்றியலில் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தில் வந்திறங்கியவராக இருக்க வேண்டும். குழந்தை வைத்தியத்தில் பேராசிரியர். மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பிக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்கே தலைவர். எந்த விழாவானாலும் முதல் மாலை அவருடைய கழுத்துக்குத்தான். கெட்டிக்காரர், மறுக்க முடியாது. ஆனால் காலையில் கட்டில் கட்டிலாகப் போகும்போது பின்னால் வரும் மாணவர் கூட்டம் சிரிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சாம்பவி சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடைப்பவள். அவளுடைய நாலு மாதக் குழந்தை மிதுசன் தலை நிற்காமல், பால் உறிஞ்சாமல், துவண்டுபோய்க் கிடந்தான். ஏனென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. பேரின்பநாதன் வந்தார், பார்த்தார், தமிழுக்கு மாறினார்.

"பிள்ளை, இவருக்குத் தேன் ஏதும் தீத்தினனீரோ? பயப்படாமல் சொல்லும். நான் எங்கட ஆள்தானே."

அந்த ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட முதல் தமிழ் அது. அழுகையே வந்துவிட்டது.

"ஓம் டொக்டர். மாமி போனிலை சொன்னவ, நல்லாக் கதைப்பானெண்டு. ஒவ்வொரு நாளும் நாக்கிலை தடவினனான்."

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். தேனில் இருந்த கிருமியின் நஞ்சுதான் பிள்ளையை முடக்கியது என்று பிரெஞ்சில் விளக்கினார். பிறகு மாமியார் போனில் கதைப்பதை நடித்துக் காட்டினார். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாம்பவிக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. சிரிப்பு முழுதாக விளங்கியது.

பிள்ளை பிழைத்தான். அதை இல்லையென்றால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் டொக்டர் விடவில்லையே! தேன் கதை ஒவ்வொரு வருடமும் விரிவுரையில் வந்தது. சிறந்த ஆசிரியர் விருதும் வந்தது. லவால் மண்டபத்தில் நடந்த பாராட்டு விழாவிலும் நடித்துக் காட்டினார். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லத்தான் எங்கள் சனம் இருக்கிறதே! மண்டபமே சாம்பவியைத் திரும்பிப் பார்த்தது. அன்று முதல் அவள் 'தேன்காரி'.

அடுத்தது பெண் பிள்ளை, ஆர்த்திகா. பாலைக் குடித்தால் சத்தி, குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும். மாந்தம் என்று சொல்லி மாமி ஊரிலுள்ள நாட்டு வைத்தியப் பரியாரியின் செந்தூரத்தை ஆளிடம் கொடுத்து அனுப்பினார். சாம்பவி தேனைத் தொடவில்லை. தேனைத்தானே டொக்டர் கூடாதென்றவர்? செந்தூரத்தைப் பாலில் குழைத்து மாதக்கணக்காகத் தீத்தினாள். பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே டொக்டர், புதிய மாணவர்கள்.

"பிள்ளை, ஊர் மருந்து ஏதும் குடுத்தனீரோ? பயப்படாமல் சொல்லும். நான் எங்கட ஆள்தானே."

சாம்பவி அவருக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். ஒரு பெடியன் இப்போதே வாயோரம் சிரிப்போடு நின்றான். தேன் கதை கேட்டவன் போலும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் ஒருதரம் கெட்டவள்.

"இல்லை டொக்டர். ஒண்டும் குடுக்கேல்லை."

அவர் நம்பினார். மூளைக் காய்ச்சலுக்கு மருந்து ஏற்றினார்கள். செந்தூரத்தில் இருந்ததோ ஈயம். அதை உடம்பிலிருந்து இறக்குகிற மருந்து அதே கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்தது. பிந்தி யாரோ யோசித்து இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார்கள். முடிவு வந்தபோது ஆர்த்திகா போய்விட்டாள். செந்தூரம் கொடுத்ததைச் சாம்பவி அப்போதுதான் ஒத்துக்கொண்டாள்.

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?" பேரின்பநாதனின் குரல் உடைந்திருந்தது. "சொல்லியிருந்தால் காப்பாத்தியிருப்பனே."

சாம்பவி பிள்ளையின் கழன்ற காலுறையை மாட்டிவிட்டாள்.

"சொன்னால் சிரிப்பியள்."

முன்பு சிரித்த பெடியன், அம்மா என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் மெல்லக் கேட்டான். எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள். அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார்.

"அது கூடாதென்று தெரியாதாம்" என்றார், நல்ல பிரெஞ்சில்.

மிதுசன் அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். அவனோடு சேர்ந்து சாம்பவியும் பிரெஞ்சு படித்துவிட்டிருந்தாள். அவர் சொன்னது அவளுக்கு முழுதாக விளங்கியது.