டாங்கி றுமைஸின் சாட்சியம்

“இன்னொருக்காப் போடு,” என்றார் அத்தாஉல்லா ஹாஜியார்.

றுமைஸ் கைப்பேசியை மேசையிலிருந்த கிதாபுகளின் மேல் சாய்த்து வைத்து மறுபடியும் ஓடவிட்டான். இது ஐந்தாம் தடவை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்ததும் பள்ளிவாசல் காரியாலயத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே பள்ளித் தலைவர் ஹாஜியாரும் தொழுவிக்கும் ஹஸ்ரத்தும் அவனும் மட்டும். ஜன்னலால் வந்த கடற்காற்றில் நிலக்கரித் தூள் கலந்திருந்தது.

படம் ஐம்பத்திரண்டு விநாடி. வானத்தில் நின்ற ட்ரோன் ஒன்று எடுத்தது. பனி உருகிச் சேறாகிப் போன வயலில் ஒரு டாங்கி வருகிறது. அதன் பக்கத்தில் ஏதோ வெடிக்கிறது. டாங்கி நின்றுவிடுகிறது. புகை வருகிறது, பிறகு இடுக்குகளால் தீ. முப்பத்தெட்டாவது விநாடியில் டாங்கியின் தலை, பீரங்கிக் குழாயோடு கழன்று மேலே எழும்பிப் படத்தைவிட்டு வெளியே போகிறது. சற்றுப் பொறுத்துத் திரும்பி வந்து சேற்றில் குப்புற விழுகிறது. யாரோ இதற்கு ஒரு கூத்துப்பாட்டை ஒட்டியிருந்தார்கள். ஹஸ்ரத் முதல் தடவையே சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“ஒரு மனிசனும் தெரியலியே இதுல,” என்றார் ஹாஜியார்.

“உள்ளுக்க இரிக்காங்க ஹாஜியார். மூணு பேர்.”

மூவரில் ஒருவன் றுமைஸின் தம்பி ஹில்மி. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி தள்ளும் டோசர் ஓட்டியவன். ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதம் வீட்டிலிருந்துவிட்டு, ரஷ்யாவில் கட்டட வேலை என்று சொன்ன ஏஜென்ட் ஒருவனை நம்பிப் போனான். போய் இறங்கிய மூன்றாம் நாள் விளங்காத மொழியில் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு சீருடை கொடுத்தார்கள். அவனோடு போன சிலாபத்து றொபிதான் நேற்று இந்தப் படத்தையும் அழுகையோடு ஒரு குரல்பதிவையும் அனுப்பியிருந்தான். “ஹில்மிட டாங்கிதான் அண்ணன்.” அதற்குப் பிறகு றொபியின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

ஹஸ்ரத் தாடியைத் தடவினார். “மையித்து இல்ல. ராணுவத்திட கடிதமும் இல்ல. ஒரு குரல வச்சி நான் ஒருத்தர மௌத்தெண்டு சொல்ல ஏலா. சொல்லாட்டி அந்தப் புள்ள காணாமப் போனவர்ட பொண்டாட்டி. இத்தா இரிக்கவும் ஏலா, மறு கலியாணமும் ஏலா. எத்தின வருஷமெண்டு என்னாலயும் சொல்ல ஏலா. சாட்சி வேணும்.”

“இவனுக்குத்தானே டாங்கியப் பத்தித் தெரியும்,” என்றார் ஹாஜியார். “ஊரே அப்படித்தானே கூப்பிடுற.”

உண்மைதான். பாலாவிச் சந்தியில் கைப்பேசி திருத்தும் கடை வைத்திருந்த அவனை எல்லாரும் டாங்கி றுமைஸ் என்றார்கள். ரஷ்யப் போர் தொடங்கிய நாளிலிருந்து கைப்பேசியில் அவன் பார்ப்பது டாங்கிப் படங்களைத்தான். பழைய டாங்கிகளில் நாலு பேர் இருந்ததையும், ஷெல் ஏற்றுகிறவனை எடுத்துவிட்டு அந்த வேலையை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்ததால் டாங்கி பதிந்து, சிறுத்து, குறி வைக்கக் கடினமானதாக மாறியதையும் கடைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுவான். குண்டும் குழியுமான நிலத்தில் ஓடிக்கொண்டே குழாயை ஆடாமல் வைத்திருக்கும் விதம், இருட்டில் மனிதச் சூட்டைக் கண்டுபிடிக்கும் கண்ணாடி, இரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் இன்னொரு டாங்கியின் இரும்பைத் துளைக்கும் ஈட்டிக் குண்டு எல்லாம் அவனுக்குப் பாடம்.

அதனால்தான் மாசி மாதத்தில் ஹில்மி தொலைபேசியில் அவனிடம் கேட்டான். “காக்கா, டோசர் ஓட்டத் தெரிஞ்சவங்க கை தூக்கச் சொல்றாங்க. டாங்கிக்கு எடுக்கிறாங்களாம். மத்தாக்கள் பதுங்குகுழி வெட்டப் போறாங்க. நான் என்ன செய்ய?”

றுமைஸ் அப்போது யாரோ ஒருவரின் கைப்பேசித் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தான். “தூக்கு,” என்றான். “வெளிய நிக்கிறவன்தான் முதல்ல சாகுற. நீ இரும்புக்குள்ள இரிப்பாய்.” ஷெல்களைத் தனி அறையில் பூட்டி வைக்கும் டாங்கிகளும் உண்டு, அங்கே தீப்பிடித்தால் வெடி மேலால் போகும், ஆட்கள் தப்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஹில்மிக்குக் கிடைக்கப்போவது அந்த ரகமல்ல, இருபத்திரண்டு ஷெல்லை ஆட்களின் காலடியில் வட்டமாக அடுக்கிய ரகம் என்பதும் தெரியும். அதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று அப்போது தோன்றவுமில்லை.

“இது அவன்ட வாகனம்தான் எண்டு எப்பிடிச் சொல்றாய்?” என்று ஹஸ்ரத் கேட்டார்.

றுமைஸ் தம்பி அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினான். டாங்கியின் முன்னால் ஹில்மி நின்று சிரித்தான். பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தில் 417. மேலே ட்ரோனைத் தடுக்கப் பழைய கட்டில் கம்பிகளால் ஒட்டிய கூண்டு, அதன் இடப்பக்க மூலை வளைந்திருந்தது. பிறகு ட்ரோன் படத்தை நிறுத்திப் பெருப்பித்தான். 417. வளைந்த மூலை.

“பாஞ்சி தப்பியிரிக்க ஏலாதா?” என்றார் ஹாஜியார். “நாங்க மூணு பேரும் வெடிக்கிறத்தத்தானே பாத்த.”

றுமைஸ் கைப்பேசித் திரையைச் சட்டை நுனியால் துடைத்தான். நேற்றிரவே அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“சொல்லு மகன். சாட்சியெண்டா முழுசாச் சொல்லணும்,” என்றார் ஹஸ்ரத்.

அவன் படத்தை இருபத்தோராவது விநாடிக்கு நகர்த்தி, மிக மெதுவாக ஓடவிட்டு, டாங்கியின் முன்பக்கத்தில் விரலை வைத்தான்.

“ஓட்டுறவர் இதுல தனிய இரிப்பார். அவருக்கு இந்த ஒரு மூடிதான் வாசல். குழாய் இப்பிடி நேர முன்னுக்குத் தாழ்ந்து நிண்டா மூடி முழுசாத் திறக்காது. இப்பப் பாருங்க.”

மூடி ஒரு சாண் உயர்ந்தது. குழாயில் முட்டி விழுந்தது. மறுபடி உயர்ந்தது. மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை ஒரு விரல் அளவுதான் எழும்பியது. பிறகு அசையவில்லை. அதற்குப் பதினொரு விநாடி கழித்துத்தான் தலை பறந்தது.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“வெளிய வரல்ல,” என்றான் றுமைஸ். “வல்லாஹி, என்ட தம்பி வெளிய வரல்ல.”

ஹஸ்ரத் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். “அஸருக்குப் பொறகு, மையித்து இல்லாட்டியும், காயிப் ஜனாஸா தொழுவம்,” என்றார். “ஆனா மௌத்தான திகதி வேணும். இத்தா அண்டையிலிருந்துதான். தேடிப் பாத்து அந்தப் புள்ளக்கிச் சொல்லு.”

தொழுகை முடிந்து றுமைஸ் உம்மாவின் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் பெண்களின் செருப்புகள் நிறைந்திருந்தன. உம்மா சமையலறைப் படியில் தனியே உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் குந்தினான்.

“நொந்திரிக்குமா புள்ளக்கி?”

“இல்ல உம்மா. தெரியிறத்துக்கு முன்னயே முடிஞ்சிரிக்கும்.”

உம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். “ஹாஜியார்ட பொஞ்சாதி இப்பத்தான் வந்திட்டுப் போறா. மூணு தரம் தள்ளினானாமே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீதான் காட்டிக் குடுத்தியாம். நல்லாத் தெரியுதாமே ஒனக்கு.” உம்மா எழுந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள். “எழும்பிப் போ. இதுல இரிக்காத.”

அவன் நடு அறைக்கு வந்தான். உள்ளறையின் கதவு ஒருக்களித்திருந்தது. ஹில்மியின் மனைவி நிஸ்மியாவை இனி அவன் பார்க்க முடியாது. கைம்பெண் காத்திருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை அவள் உள்ளேதான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“மச்சானா?”

“ஓம்.”

“அவர் சொன்ன, நீங்கதான் கை தூக்கச் சொன்னதெண்டு.”

“ஓம்.”

“குழி வெட்டப் போன ஆக்கள் எங்க?”

அவன் சுவரைப் பார்த்தான். “றொபி இரிக்கான். நேத்து வரைக்கும் இரிந்தான்.”

உள்ளே யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். நிஸ்மியா அழவில்லை. “திகதி நீங்க சொல்லுவீங்களெண்டு ஹஸ்ரத் சொல்லியனுப்பின,” என்றாள்.

“பாத்துச் சொல்றன்.”

கதிரையில் உட்கார்ந்து கைப்பேசியை எடுத்தான். றொபி அனுப்பியது கைமாறி வந்த பிரதி, அதில் திகதி இல்லை. முதலில் ஏற்றியவர்களைத் தேட வேண்டும். அது அவனுக்குக் கடினமான வேலையல்ல. நாள்தோறும் போய்ப் பார்க்கும் தளங்கள்தான். மூன்றாவது தளத்தில் அகப்பட்டது. அதே வயல், அதே கூண்டு, அதே கூத்துப்பாட்டு. திங்கட்கிழமை பகல், பதினொரு நாளைக்கு முன்.

படத்தின் கீழே இருந்த ‘லைக்’ இதயம் ஏற்கெனவே சிவப்பாக இருந்தது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தத் திங்கட்கிழமை கடையில் சோற்றுப் பார்சலை விரித்து வைத்துக்கொண்டு இடக்கையால் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. தலை எவ்வளவு உயரம் போகிறதென்று பார்க்க இரண்டு தடவை ஓடவிட்டிருந்தான்.

“கிடைச்சா மச்சான்?”

“திங்கக்கிழம,” என்றான். “போன கிழமைக்கு முந்தின திங்கக்கிழம இல்ல. போன திங்களுமில்ல...” வார்த்தை குழம்பியது. “பதினொரு நாள்.”

“அப்ப பதினொரு நாள் கழிஞ்சிட்டு,” என்றாள் நிஸ்மியா. “நான் ரோஸ் கலர்ச் சட்ட போட்டுப் போட்டோவெல்லாம் அனுப்பினன்.”

பிறகு அவள் பிறை மாதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணத் தொடங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும். இடையில் தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

றுமைஸ் கட்டை விரலால் இதயத்தைத் தொட்டான். சிவப்பு போய் வெறும் கோடானது. பக்கத்திலிருந்த இலக்கத்தில் ஒன்று குறைந்தது. கையை எடுப்பதற்குள் அது மூன்று கூடிவிட்டது.