ஆட்டின் ராணியை விட்ட ஆட்டம்

அந்தப் போனை அணையவிடாமல் காப்பதே சாந்தகுமாரிக்கு ஒரு வேலையாகிவிட்டது. ரங்கூனில் கரண்டு இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். வந்துவிட்டால் தெருவே "மீ லாப்பி!", கரண்டு வந்தாச்சு, என்று கூவும். அந்தக் கூவலுக்கு மற்றவர்கள் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள். அவள் சார்ஜரைத் தேடி ஓடுவாள். கரண்டு வராத நாட்களில் எதிர்வீட்டு ஷிரினின் பேட்டரிப் பெட்டியில் செருகிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள்.

போன் சபாபதியுடையது. அதில் அவர் பாதியில் விட்டுப்போன ஒரு சீட்டாட்டம் திறந்தபடி இருந்தது. போன் அணைந்தால் அந்த ஆட்டம் போய்விடும்.

சபாபதி கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏதோ ஒரு துறைமுகத்து மதுக்கடை மூலையில் நின்ற வீடியோ போக்கர் பெட்டிதான் அவருக்கு அதைப் பழக்கியது. ஐந்து சீட்டு வரும். வேண்டியதை நிறுத்திக்கொண்டு மற்றதை விட்டால், விட்ட இடத்துக்குப் புதுச்சீட்டு விழும். ஒரே எண் மூன்று சேர்ந்தால் புள்ளி; ஒரே ஜாதிப் பெரிய சீட்டு ஐந்தும் வரிசையாக விழுந்தால் ராயல். கரைக்கு வந்தபின் போனில் ஆடினார். நிஜக் காசு வைக்கக்கூடாது என்பது சாந்தகுமாரியின் கட்டளை. வெறும் புள்ளிதானே என்று அவளும் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். கணவனைவிட அவளுக்குத்தான் ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டது.

"என்னங்க இது, மறுபடியும் ஒத்தப் புள்ளி வச்சிருக்கீங்க? அஞ்சு வைங்க. அஞ்சு வச்சாத்தான் ராயலுக்கு நாலாயிரம். ஒண்ணுக்கு வெறும் இருநூத்தம்பது."

"ராயல் வரும்போது பாத்துக்கலாம் குமாரி. அஞ்சஞ்சா வச்சா புள்ளி சீக்கிரம் தீந்துடும். அப்புறம் நீ எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவ."

அதைவிடப் பெரிய சண்டை ராணிக்கு. சின்ன ஜோடி ஒன்று வந்து, கூடவே ஒரு ராணியும் வந்துவிட்டால், ஜோடியோடு ராணியையும் நிறுத்திக்கொள்வார். தப்பு. ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று சீட்டும் புதிதாகக் கேட்க வேண்டும். ஒரு நாள் கரண்டு போனபோது நிஜச் சீட்டுக்கட்டைப் பாயில் பரப்பி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு விதமாகவும் திரும்பத் திரும்ப ஆடி, ஜெயித்த ஆட்டத்துக்கெல்லாம் ஒரு புளியங்கொட்டை வைத்துக் காட்டினாள். அவள் பக்கத்துக் குவியல் ஏறிக்கொண்டே போனது. சபாபதி இரண்டு குவியலையும் பார்த்தார்.

"கணக்கெல்லாம் சரிதான். அதுக்காக உன்னயத் தூக்கி வெளிய போட முடியுமா?"

"அது சீட்டுங்க!"

"எனக்கு நீதான்."

மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் இதே கதைதான். மூக்கில் குழாய், கையில் போன். அன்று சாயங்காலம் பார்வை நேரம் முடியும்போது எட்டிப் பார்த்தாள். இரண்டு ஏழோடு ஒரு ராணியும் நின்றுகொண்டிருந்தது.

"திருந்தவே மாட்டீங்களா? இன்னிக்கு ராத்திரி நான் சொன்னபடி ஆடினாத்தான் காலையில மொஹிங்கா வரும். இல்லாட்டி ஆஸ்பத்திரிக் கஞ்சிதான்."

"வாழத்தண்டு நிறையப் போட்டா?"

"நிறையப் போட்டு."

"சரி தாயே. தோத்தேன்."

காலையில் மீன்குழம்பில் அரிசி நூடுல்ஸ் போட்ட மொஹிங்கா தூக்குவாளியோடு போனாள். படுக்கையில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலையணைக்கடியில் இருந்தது என்று நர்ஸ் போனைக் கையில் கொடுத்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின்தான் அதைத் திறந்து பார்த்தாள். இரண்டு நாலு, ஒரு ஏழு, ஒரு ஒன்பது, சிவப்பு இதயம் போட்ட ஓர் ஆட்டின் ராணி. பந்தயம் ஐந்து புள்ளி. இரண்டு நாலுக்கும் மேலே 'ஹோல்ட்' என்று மஞ்சள் எழுத்து. ராணிக்கு மேலே ஒன்றும் இல்லை. புதுச்சீட்டு கேட்கும் 'டிரா' பொத்தானை மட்டும் அவர் அழுத்தியிருக்கவில்லை.

ராணி விஷயத்தில் வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவள் பேச்சைக் கேட்டிருக்கிறார். ஏன் கேட்டீர்கள் என்று அந்தத் திரையிடம் அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து போன் அணையவில்லை. இப்போது பேட்டரி உப்பி, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கியாக்டடா பேட்டையில் போன் பழுது பார்க்கும் அஷ்ஃபாக்கிடம் கொண்டுபோய், ராத்திரி தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வதையும் சொன்னாள். சபாபதியைத் தெரிந்தவன்; அண்ணன் முறையில் 'கோ சபா' என்று கூப்பிடுவான். போனைக் கையில் வாங்கியதுமே மேஜைமேல் தூர வைத்தான்.

"அக்கா, இதையா தலமாட்டுல வச்சுத் தூங்குறீங்க? இது போனில்ல, பட்டாசு. இப்பவே பேட்டரியக் கழட்டணும்."

"அணைக்காமக் கழட்ட முடியாதாப்பா?"

"அது எப்படிக்கா? படமெல்லாம் பத்திரமா இருக்கும். பயப்படாதீங்க."

"படமில்ல. இந்த ஆட்டம்."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். வாய்வரை வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"கோ சபா ஆடினதா?"

அவள் தலையசைத்தாள்.

"பாதியில நிக்கிறது அணைச்சா போயிடும். முடிச்சிடுங்களேன்க்கா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

வெளியே பஸ் கண்டக்டர் "சூலே, சூலே" என்று கத்திக்கொண்டு போனான். சாந்தகுமாரி போனை எடுத்தாள். சூடாக இருந்தது. ராணியின் மேல் விரலை வைத்தாள். மஞ்சள் எழுத்து வந்தது. இரண்டு நாலும் ராணியும் சேர்ந்து நின்றன. எப்போதும் அவர் ஆடுகிற மாதிரி. ஒரு கணம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

தோற்றால்கூடப் பரவாயில்லை, இப்படியே முடித்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் மூக்கில் குழாயோடு, மூச்சுக்கு இழுத்துக்கொண்டு, அவர் யோசித்து வைத்த சீட்டு அல்லவா? அவளுக்காக வைத்தது. அதைத் திருத்த அவள் யார்?

மறுபடி ராணியைத் தொட்டாள். எழுத்து மறைந்தது. 'டிரா'வை அழுத்தினாள்.

ஏழு போய் ஒரு ராஜா வந்தது. ஒன்பது போய் ஓர் இரண்டு வந்தது. ராணி இருந்த இடத்தில் இஸ்பேட் நாலு வந்து உட்கார்ந்தது. மூன்று நாலு. போன் குழந்தை விளையாட்டுச் சாமான் போல ஒரு பாட்டுப் பாடியது. பதினைந்து புள்ளி.

பாட்டுக் கேட்டு அஷ்ஃபாக் திரும்பிவிட்டான். "அட, ஜெயிச்சிட்டாருக்கா!"

"ஆமாப்பா. சரியாத்தான் ஆடியிருக்காரு."

அவள் சொன்ன கணக்கு ஒரு புளியங்கொட்டைகூடப் பிசகவில்லை. அவள் திரையில் ஐந்து சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ராணி எங்கேயும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயம் வைக்கச் சொல்லி ஒரு பொத்தான் மினுக்கிக்கொண்டிருந்தது.

போனை அஷ்ஃபாக்கின் பக்கம் நகர்த்தினாள்.

"கழட்டிக்கப்பா."