போர்டு அக்கா

கணவரின் செல்போனை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது போர்டு அக்காவுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. பேரன் எடுத்த வயதில் திருட்டுத்தனமாகப் போன் பேசுகிற பிழைப்பு! ஆனால் தன் போனிலிருந்து கூப்பிட்டால், அவள் ஆபரேட்டராக இருக்கும் ஆஸ்பத்திரியின் டெலிபோன் போர்டில் எண்ணோடு பெயரும் விழும். புதுப்பொண்ணு பார்த்துவிட்டால் கதை கந்தல்.

புதுப்பொண்ணுக்கு நாற்பது வயது, கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். போர்டுக்குப் புதிதாக வந்தவள் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைக் கொண்டுவந்ததே போர்டு அக்காவுக்காகத்தான். பென்ஷன் வயது வந்துவிட்டது. விருப்பப்பட்டால் முழு வேலையில் நீடிக்கலாம், இல்லையென்றால் பாதி வாரம் வேலை, பாதிப் பென்ஷன். ஒரு மாதம் பாதி வாரம் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த மாதம் இன்று மாலையோடு முடிகிறது. எப்போதோ ஓய்வு பெற்றுவிட்ட கணவருக்குப் பாதி வாரமாவது வீட்டில் பேச ஆள் வேண்டும். அவளுக்கும் ஆசைதான், இடுப்பும் முழங்காலும் கெஞ்சிக்கொண்டிருந்தன. குறுக்கே அந்த ஒருத்தி மட்டும் இல்லாதிருந்தால் எப்போதோ சரி என்றிருப்பாள். 

சின்னப் பொறாமை இல்லை, சோறு இறங்கவிடாத பொறாமை. தன் முறைக்குப் போகும்போதெல்லாம் ஹெட்செட் வேறு யாருடைய தலை அளவுக்கோ சுருங்கிக் கிடந்தது. நாற்காலியில் ஒரு மெத்தை முளைத்திருந்தது. அது சுகமாக வேறு இருந்து தொலைத்தது. போன வாரம் பெரிய டாக்டர் லைனில் வந்து, “என்னக்கா, இன்னிக்கு நீங்களா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். அந்த ‘நீங்களா’வை அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்கே இடம் இருந்ததில்லையே!

அதனால்தான் இந்த ஏற்பாடு. நோயாளி எந்த வார்டில் என்று தெரியாமல் யாராவது கூப்பிட்டால், புதியவர்கள் உடனே விசாரணைப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், இவளை நம்பிப் போர்டைப் பாதி வாரம் விட முடியாது, முழு வேலையே பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் மனசாட்சி உறுத்தாமல் சொல்லிவிடலாம்.

மறுமுனையில் மணி அடித்தது. புதுப்பொண்ணு எடுத்தாள். போர்டு அக்கா குரலை நடுங்கவிட்டாள். “எங்க வீட்டுக்காரரை அங்க கொண்டுவந்திருக்காங்களாம்மா. எந்த வார்டுன்னு தெரியல.”

“பதறாதீங்கம்மா. அவர் பேரைச் சொல்லுங்க.”

பெயரைத் தயார் செய்து வைக்கவில்லை. வாயில் வந்தது, வெளியே டீ போட்டுக்கொண்டிருந்த மனிதரின் பெயர்தான். சொல்லி முடித்ததும் அவளுக்கே திக்கென்றது.

“நான் எங்கயும் மாத்திவிட மாட்டேன். லைன்லயே இருங்க.”

பாட்டு வரவில்லை. காத்திருப்பவர்களுக்கான பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள்! போர்டு அக்காவுக்கு உள்ளே குதியாட்டம். இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் பக்கம் வேறு லைனில் ஒவ்வொரு வார்டாகக் கேட்கிற குரல் தெளிவாக வந்தது. யாரோ உள்ளே வந்தார்கள், “இந்த லைனை ஏன் திறந்தே வெச்சிருக்கே?” என்றார்கள்.

“யாரோ ஒரு அம்மா. பாவம், குரலே சரியில்ல. இந்த நேரத்துல அவங்க காதுல பாட்டு போட மனசு வரல. தேடறது கேட்டுட்டு இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்ல?”

போர்டு அக்கா லைனைத் துண்டித்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருக்குப் பாட்டுப் போட்டிருப்பாள்! ஒரு தடவைகூட இது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியது தனக்கு. அதில்தான் வயிறு எரிந்தது.

சமையலறைக்கு வந்தபோது கணவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். “என் போன்ல யாருக்குப் பேசினே? மேனேஜருக்கா?”

“இல்லை. இனிமேதான்.”

“என்ன சொல்லப் போறே?”

“சொல்லும்போது கேட்டுக்கோங்களேன்.”

உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. கோபமும் அழுகையுமாக, கையிலிருந்த போனிலேயே எண்ணை அழுத்தினாள். காது மந்தமான கணவர், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். இப்போதும் கை நீட்டித் தட்டிவிட்டார். மேனேஜரைப் பிடிக்க வேண்டுமானாலும் போர்டு வழியாகத்தான் போக வேண்டும் என்பதோ, இது யாருடைய போன் என்பதோ, மணி அடித்தபிறகுதான் உறைத்தது. துண்டிப்பதற்குள் புதுப்பொண்ணு எடுத்துவிட்டாள்.

“அம்மா, நீங்கதானே? லைன் கட்டானதும் பயந்துட்டேன்.” கணவரின் பெயரைச் சுத்தமாக, மரியாதையோடு சொன்னாள். “எல்லா வார்டும் பார்த்துட்டேன்மா. அவர் இங்க வரவே இல்ல. நல்லாத்தான் இருப்பார். கூட யாராவது இருக்காங்களா உங்களுக்கு?”

கணவர் டம்ளரோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். பேச வாயெடுத்தவரை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

“அம்மா?” என்றது போன். டம்ளரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.