பெயர்ப்பலகை இல்லாத கதவு

நான் நீதிமன்றத்தில் அமீனா. நீதிபதி போடும் உத்தரவை உரியவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாங்கினால் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவேன். மறுத்தாலோ, ஆள் ஒளிந்துகொண்டாலோ, கதவில் ஒட்டிவிட்டு வருவேன். ஒட்டினால் கொடுத்ததாகத்தான் கணக்கு. அதற்காகப் பையில் எப்போதும் ஒரு பசை டப்பா இருக்கும். அலுவலகத்தில் எனக்குப் பெயரே ‘பசை’தான். இருபத்தாறு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று சும்மா இருந்துவிடுகிறேன்.

எங்கள் தலைநகரில் நாடாளுமன்றம், அமைச்சகம், நீதிமன்றம் மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன. முதல் கட்டடம் சட்டம் போடும். இரண்டாவது அதன்படி ஆளும். ஒழுங்காக ஆள்கிறாயா என்று மூன்றாவது கேட்கும். கஜானாச் சாவி முதல் கட்டடத்தில், போலீஸும் பட்டாளமும் இரண்டாவதில். எங்களிடம் இருப்பது வெறும் காகிதம். அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய பெரியவர்கள் மூன்று கட்டடங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நடுவில் கிடக்கும் சாலையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் வெயிலில் நடப்பவன் நான். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அன்று என் பையில் இருந்தது ஒரு நர்ஸைப் பற்றிய உத்தரவு. சிறை மருத்துவமனையில் வேலை பார்த்தவள். அங்கே கைதிகள் செத்துப்போனதை நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, உள்துறைச் செயலாளரின் கையெழுத்து மட்டும்தான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதுகூட அவருக்குத்தான் தெரியும். பத்தொன்பது நாளாக அவள் அம்மா மாற்றுத் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணிக்கு நீதிபதி அம்மா உத்தரவில் கையெழுத்திட்டார். நாளைக் காலை பத்தரைக்கு அந்தப் பெண்ணை என் முன்னால் நிறுத்து, அதுவரை இருக்கும் இடத்தைவிட்டு அசைக்காதே என்று உத்தரவு. ஐந்து மணிக்கு அவளைப் பட்டாள முகாமுக்கு மாற்றப்போவதாக அரசு வக்கீல் வாய்தவறிச் சொல்லியிருந்தார். முகாமுக்குள் போனவர் எவரையும் எங்கள் காகிதம் வெளியே கொண்டுவந்ததாகச் சரித்திரம் கிடையாது.

“அஞ்சு மணிக்குள்ள செயலாளர்கிட்ட சேர்ந்தாகணும்” என்றார் நீதிபதி, என்னைப் பார்த்து. அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அமைச்சகத்தின் இரண்டாம் மாடியில், செயலாளரின் அறை வாசலில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு நிற்கும் டவாலி, என் தங்கை புருஷன். இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு செயலாளர்கள் மாறிவிட்டார்கள், அவர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாமன் மச்சானாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். திங்கட்கிழமை அந்த வராந்தாவில் அவர் யாரோ, நான் யாரோ. இந்த ஏற்பாடு என் தங்கை போட்டது. “வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே உங்க ரெண்டு ஆபீஸையும் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க” என்பாள். எந்த அரசியலமைப்புச் சட்டமும் எங்கள் வீட்டில் அவள் போட்டதுபோல ஒழுங்காக நடந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அறைக்கதவில் பெயர்ப்பலகை இல்லை. பலகை இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது, நான்கு மூலையிலும் நான்கு ஓட்டை.

“யாரைப் பாக்கணும்?” என்றார் மாப்பிள்ளை.

“உள்துறைச் செயலாளரை.”

“இது அவங்க ரூம் இல்ல. ஸ்டோர் ரூம்.”

உள்ளே யாரோ இருமினார்கள். அந்த இருமலை எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“ஸ்டோர் ரூமுக்குச் சளி பிடிச்சிருக்கு போல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் புரிந்தது. எங்கள் படிவத்தில் ‘பெயர்ப்பலகை உள்ள கதவில் ஒட்டப்பட்டது’ என்றுதான் அச்சடித்திருக்கும். பலகை இல்லையென்றால், இது இன்னாருடைய அறைதான் என்று அந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஒட்டுவது சினிமா போஸ்டருக்குச் சமம். எங்கள் படிவத்தை எங்களைவிட அவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள்.

வராந்தா முழுக்க அலைந்தேன். டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. பிரிவு அதிகாரி நான் வாயைத் திறக்கும் முன்பே கழிவறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லோருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது.

நாலே முக்காலுக்கு மறுபடி அந்தக் கதவுக்கு வந்தேன்.

“மாப்ள” என்றேன்.

“இங்க அப்படிக் கூப்பிடாதீங்க.”

“வேற எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. அஞ்சு மணிக்கு அந்தப் பொண்ண…”

“தெரியும். வண்டிக்கு போன் போட்டதே நான்தான். காலைல பலகையக் கழட்டச் சொன்னாங்க, கழட்டுனேன். சொன்னதைச் செய்யுறதுதான என் வேலை? ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம் மச்சான். ரெண்டே வருஷம். நான் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா, உங்க தங்கச்சிகிட்ட நீங்க வந்து சொல்லுவீங்களா?”

வெட்கமாக இருந்தது. ஊரான் மகளைக் காப்பாற்றக் கூடப்பிறந்தவள் சோற்றில் கை வைக்கச் சொல்கிறேன். நீதிபதி கையெழுத்துப் போடுகிறார், சட்டம் அவரைக் காப்பாற்றும். செயலாளர் கையெழுத்துப் போடுகிறார், பட்டாளம் அவரைக் காப்பாற்றும். இந்த மனுஷன் கையெழுத்துப் போட்டால் யார் இருக்கிறார்கள்? பசை டப்பாவோடு ஒரு மச்சான்தான் இருக்கிறான்.

“தப்புதான் மாப்ள. கேட்டிருக்கக் கூடாது” என்றேன்.

ஆனாலும் வந்த வேலையை விட மனசு வரவில்லை. டப்பாவைத் திறந்து, வெளுத்த இடத்தில் பசையைத் தடவி, உத்தரவை ஒட்டினேன். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அவர் அந்தக் காகிதத்தைப் படித்தார். அவசரமே இல்லாமல், மேலிருந்து கீழே, அந்தப் பெண்ணின் வயது வரை படித்தார். இருபத்தெட்டு.

“பேனா குடுங்க” என்றார்.

படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினார். ‘இது உள்துறைச் செயலாளரின் அறை. பலகையைக் கழற்றியது நான்.’ கையெழுத்து, பதவி. மணி நாலு ஐம்பத்திரண்டு. எழுதி முடித்துவிட்டுத் தன் விரலால் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

“சார், கோர்ட் உத்தரவு ஒட்டிட்டாங்க. சாட்சிக் கையெழுத்தும் ஆயிடுச்சு.”

உள்ளே இருமல் நின்றது. இனி அந்தப் பெண்ணை அசைத்தால் கோர்ட் அவமதிப்பில் செயலாளரே ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும், அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் தொலைபேசியை எடுக்கும் சத்தமும், ‘வண்டி வேண்டாம்’ என்ற வார்த்தையும் கேட்டன. மாப்பிள்ளை சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு தன் இடத்தில் போய் நின்றார்.

மறுநாள் காலை அரசு வக்கீல் எழுந்து, அது ஸ்டோர் ரூம், உத்தரவு செயலாளருக்குச் சேரவே இல்லை, அமீனாவும் சாட்சியும் சொந்தக்காரர்கள், இருவரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்றார். மாப்பிள்ளை கூண்டில் ஏறினார்.

“பலகையைக் கழட்டினது நீங்கதான்னு எதை வச்சு நம்புறது?” என்று கேட்டார் நீதிபதி.

மாப்பிள்ளை சட்டைப் பையில் கைவிட்டு நான்கு திருகாணிகளை எடுத்துக் கூண்டின் விளிம்பில் வரிசையாக வைத்தார்.

“பலகைய அவங்க வாங்கி வச்சுக்கிட்டாங்கம்மா. இத யாரும் கேக்கல.”

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். காலில் செருப்பு இல்லை, முகம் பாதியாகியிருந்தது. நீதிபதி விடுதலை என்று சொன்னதும் அவள் அம்மா துணிப் பையை நீட்டினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

அன்று மாலையே மாப்பிள்ளைக்கு வேலைநீக்க உத்தரவு வீடு தேடி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். “மறுத்தா ஒட்டிட்டுப் போவாங்க. எதுக்கு நம்ம கதவப் பாழாக்கணும்?” என்றாராம்.

தங்கை என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனேன். இலை போட்டாள், சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் நீதிமன்றத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் இருவர் ஆபீஸ் பக்கமும் அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. புருஷனின் வேலைநீக்கத்தை எதிர்த்து அவர் பெயரில் மனுப் போடவைத்திருந்தாள். அன்று காலை அதை ஏற்று, செயலாளருக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருந்தார் நீதிபதி. சீல் வைத்த அந்த நோட்டீஸ் அப்போதுதான் என் மேஜைக்கு வந்திருந்தது.

“இத யாருண்ணா கொண்டுபோவா?”

“நான்தான்.”

“வாங்க மாட்டேன்னா?”

“ஒட்டுவேன்.”

“இப்ப அங்க வாசல்ல வேற ஆளு நிக்கிறான். பலகையத் திரும்பக் கழட்டியிருந்தா? கையெழுத்து எவன் போடுவான்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் பையை எடுத்துத் திறந்து, பசை டப்பாவை ஆட்டிப் பார்த்தாள்.

“எவனாவது ஒருத்தன் போடுவான். எந்திரி, நானும் வர்றேன்.”

சாலையில் வெயில் கொளுத்தியது. பை அவள் தோளில் இருந்தது. நான் பின்னால் நடந்தேன்.