ஊர்ந்து வந்த தோட்டா

தலைவரைக் கொன்ற தோட்டா அவர் முதுகு வழியாக வெளியே வந்த பிறகும் கீழே விழவில்லை. நெஞ்சு உயரத்தில், எறும்பு போகிற வேகத்தில், காற்றில் ஊர்ந்து போனது. சுட்டவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இரண்டு மதத்துப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம் என்று தலைவர் சட்டம் போட்டிருந்தார். கடவுளுக்கு அது பிடிக்கவில்லை என்று கடைக்காரரே முடிவு செய்துகொண்டார். கண்ணாடி மாற்ற வந்த தலைவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி மங்கலாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது சுட்டார்.

போலீசார் தோட்டாவை இடுக்கியால் பிடித்தார்கள், இடுக்கி ஓட்டையானது. இரும்புப் பெட்டியில் அடைத்தார்கள், பெட்டியும் ஓட்டையானது. சரி, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். வழியில் இருந்த வீட்டுக்காரர்கள் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். தெருமுனைகளில் அது தானாகத் திரும்பியபோதுதான் சிறைச்சாலைக்குப் போகிறது என்று ஊருக்குப் புரிந்தது. கடைக்காரர் அங்கேதான் ஆயுள் தண்டனையில் இருந்தார். அவர் செய்ததைக் கொண்டாடிய ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. கடவுளின் ஆயுதம் உரியவர் கைக்கே திரும்புகிறது என்று சொல்லி, அனுமதி வாங்கி, சிறை மதிலில் அதற்குத் துளையும் போட்டுக் கொடுத்தார்கள்.

அது அறைக்குள் நுழைந்த அன்று கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கையைத் துளைத்ததும் அலறிக்கொண்டு விலகினார். தோட்டா திரும்பி மறுபடியும் அவர் நெஞ்சைப் பார்த்து வந்தது. அலறியவரைப் பார்க்க அதன் பிறகு அந்த ஆட்கள் யாரும் வரவில்லை. மனைவி மட்டும் வந்தாள். அவர் படுத்தால் தோட்டாவும் தாழ்ந்து வரும், கண் அசர முடியாது. சிறை அதிகாரி மனம் இரங்கி அவளைத் தினமும் மத்தியானம் கம்பிக்கு வெளியே உட்கார விட்டார். அவர் தூங்குவார். தோட்டா நெருங்கியதும் அவள், "எழுந்திருங்க" என்பாள். அவர் எழுந்து எதிர் மூலைக்குப் போய் மறுபடி படுப்பார். இப்படியே அவளுக்குத் தலை நரைத்தது. அவர்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. செய்தது தப்பு என்று ஒருநாள் இந்த மனுஷன் வாயிலிருந்து வந்துவிடும் என்று காத்திருந்தாள்.

அடுத்து வந்த தலைவரும் அந்தச் சட்டத்தை நீக்கவில்லை. கடை இப்போது மகன் கையில் இருந்தது.

"புதுசா வந்தவரும் கண்ணாடி போடுறவர்தானே?" என்று ஒருநாள் கடைக்காரர் கேட்டார். "நாளைக்கு நம்ம பையனைக் கூட்டிட்டு வா. நான் விட்ட வேலையை அவன் முடிக்கணும்."

"நீங்க சொன்னா அவன் தட்ட மாட்டான்" என்றாள்.

"அதான் எனக்குத் தெரியுமே." நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

தோட்டா மேசையைத் தாண்டியது. கட்டில் விளிம்புக்கு வந்தது. அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது, குரல் வரவில்லை. வரவிடவுமில்லை.

அவரைத் துளைத்துக் கட்டிலுக்கு அடியில் விழுந்த தோட்டா அதற்குமேல் அசையவில்லை.

"ஏம்மா, எழுப்பலையா?" என்று கேட்டார் காவலர்.

"நல்லாத் தூங்கிட்டிருந்தார்" என்றாள்.

காவலர் துடைப்பத்தை எடுத்து வந்து, தோட்டாவைத் தூசியோடு தூசியாகக் கூட்டி அள்ளினார்.